படுவான்கரைப் பாதையில் எம்.ஜி.பி: பிறேக் நாட்குறிப்பு

2025 ஜூலை 5, சனி

லண்டன் மச்சான் அனுப்பிய பெட்டி வந்துவிட்டது. டிஸ்க்கை இரு பக்கமும் அமுக்கிப் பிடிக்கும் நாலு பிஸ்டன் கலிப்பர் ஒரு சோடி, புது டிஸ்க், பிறேக் பாட். எல்லாம் பெரியப்பாவின் எம்.ஜி.பி. என்ற பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காருக்கு. அபிங்டன் தொழிற்சாலையில் போட்ட அமைப்புத்தான் அதில் இதுவரை இருந்தது: முன்னுக்கு 10.75 அங்குல டிஸ்க், பின்னுக்கு 10 அங்குல டிரம். வண்டி வேலைக்கு உதவும் காத்தான்குடிக் காக்கா பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவிவிட்டுக் கேட்டார்: "முன்னுக்கு எல்லாம் இருக்கு. பின்னுக்கு என்ன மனே செய்யப் போறாய்?"

ஜூலை 12, சனி

பூட்டியாயிற்று. பெடல் முன்பைவிடக் கீழே போகிறது. பிஸ்டன் பெரிதானால் அதைத் தள்ள ஒயிலும் கூட வேண்டும். பெடல் மிதிக்கும்போது ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பழைய அளவுதானே. ஒயில் குழாயில் இருந்த எயார் எல்லாம் எடுத்தாயிற்று. மிதிக்க லேசாக இருக்கிறது. லேசான பெடலை நல்ல பிறேக் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர்.

ஜூலை 13, ஞாயிறு

விடியற்காலையில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போனோம்: வலையிறவுப் பாலம் தாண்டி, வவுணதீவுப் பக்கம் வயலுக்கு நடுவே நேரான பாதை. நாவலடிப் பக்கம் போகவில்லை, தார் ரோட்டில் கடல் மணல் ஏறிக் கிடக்கும். டயர்களில் வெள்ளைக் கோடு கீறி, காக்காவின் மகனைக் கரையில் நிறுத்தினேன். 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓங்கி மிதித்ததும் முன் சில்லு இறுகி வழுக்கியது. பின் சில்லின் கோடு சுற்றிக்கொண்டே இருந்ததாம். நின்ற இடம் பழைய பிறேக்கில் நின்ற இடத்தைவிடக் கிட்ட இல்லை. பின் டிரம்மில் கை வைக்க முடிந்தது, வெறும் இளஞ்சூடு.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆளோடு வண்டி 1,000 கிலோ, முன்னுக்கு 520, பின்னுக்கு 480 என்று வைப்போம். புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீற்றர். முன் பின் சில்லுகளுக்கு இடைத்தூரம் 91 அங்குலம், அதாவது 2.31 மீற்றர். அமர்முடுகல் 0.8 ஜி, அதாவது புவியீர்ப்பில் பத்தில் எட்டுப் பங்கு என்றால் 1000 × 0.8 × 0.5 ÷ 2.31, சுமார் 173 கிலோ பாரம் முன்னுக்குப் போகும். முன்னுக்கு 693, பின்னுக்கு 307. அப்படியிருந்தும் நிறுத்தும் வேலையில் பத்தில் மூன்று பங்கு பின் சில்லுகளுடையது. முன் பிஸ்டன் பெரிதானதால் குறைந்த ஒயில் அமுக்கத்திலேயே முன் சில்லு இறுகிவிடுகிறது. பின்னுக்கும் அந்தக் குறைந்த அமுக்கம்தான் கிடைக்கும். வண்டியை நிறுத்துவது டயரின் பிடி. இரண்டு டயரின் பிடியை வீணாக்கிவிட்டு முன்னுக்கு எவ்வளவு பெரிய கலிப்பர் போட்டும் பயனில்லை.

ஜூலை 16, புதன்

மச்சான் பின் அமுக்கத்தைச் சரிசெய்யும் வால்வு ஒன்று அனுப்புகிறேன் என்கிறான். வேண்டாம் என்றேன். அந்த வால்வு பின்னுக்குப் போகும் அமுக்கத்தைக் குறைக்கும், கூட்டாது. இங்கே பின் பிறேக் போதாமல் இருப்பதுதான் குறை.

பின் பிறேக் என்றால் ஆட்கள் பயப்படுவதற்குக் காரணம் உண்டு. முன் சில்லு இறுகினால் வண்டி திரும்பாது, ஆனால் நேரே போகும். பின் சில்லு முந்தி இறுகினால் வண்டியே சுழன்றுவிடும். அது மழையில்தான் நடக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஈரத்தில் 0.4 ஜி மட்டும் கிடைத்தால் முன்னுக்குப் போவது 87 கிலோதான், பின்னுக்குப் பாரம் மிஞ்சி நிற்கும். எந்தப் பிறேக் முந்தும் என்பதற்குக் கடுமையான சோதனை, கச்சான் என்ற வறண்ட மேல்காற்றில் காய்ந்து கிடக்கும் இந்த மாதத்து ரோடுதான்.

ஜூலை 19, சனி

பின்பக்கம் முழுவதும் கழற்றினோம். கல்லடிக் கடற்காற்று இரும்புக் குழாயைத் தின்றிருந்தது. செப்பு நிக்கல் குழாய் போட்டோம். டிரம்முக்குள் பிறேக் கட்டைகளைத் தள்ளும் முக்கால் அங்குல வீல் சிலிண்டருக்குப் பதில் 0.8 அங்குலம். விட்டத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, பரப்பில் 14 சதவீதம் கூட. ஹேண்ட்பிரேக் கேபிளைத் தளர்த்திவிட்டு, பிறேக் தகட்டின் பின்னால் உள்ள, கட்டைகளின் இடைவெளியைச் சரிசெய்யும் சதுரத் தலையைச் சில்லு இறுகும்வரை திருப்பி, உராயாமல் சுற்றுமளவுக்குத் திருப்பிவிட்டார் காக்கா. கேபிள் இழுபட்டபடி இதைச் செய்தால் அளவு பொய்யாகிவிடும். புது டோட் 4 பிறேக் ஒயில்.

ஜூலை 27, ஞாயிறு

அதே பாதை. பெட்ரோல் தாங்கி பின்னால் இருப்பதால் வேண்டுமென்றே குறைந்த பெட்ரோலோடு, சாமான் ஒன்றும் இல்லாமல் போனேன். பின்பக்கம் ஆக லேசாக இருக்கும்போதும் அது முந்தி இறுகக் கூடாது. முன்னதுதான் முந்தி இறுகியது, அதுவும் முன்பைவிட நன்றாக அழுத்திய பிறகு. பின் டிரம்மில் இன்று கை வைக்க முடியவில்லை. வண்டி முன்பு நின்ற அடையாளத்துக்கு முன்னாலேயே நேராக நின்றது. காக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

ஆகஸ்ட் 2, சனி

அடுத்தது டயர். பழையவை காய்ந்துபோய்விட்டன. புது டயரில் பிடி கூடும், பாரம் இன்னும் முன்னுக்குப் போகும், பின் சில்லு இறுகும் எல்லை நெருங்கும். அப்போது மச்சானின் வால்வு தேவைப்படலாம். டயர் மாற்றியதும், சிறுபோக நெல்லை ரோட்டில் காயப்போடுவதற்குள், வவுணதீவில் திரும்பவும் மிதித்துப் பார்க்க வேண்டும்.