லாக்டேட்டைத் திட்டாதீர்கள், வைட்டமின் வில்லையைத் தள்ளி வையுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே சுமார் 90 கிலோமீட்டர் ஓடும் காம்ரேட்ஸ் மாரத்தானுக்கு டர்பனில் தயாராகும் பலர் மேட்டு ஓட்டம் முடிந்து வந்ததும் தண்ணீரில் நுரைத்துக் கரையும் வைட்டமின் சி வில்லை ஒன்றைக் குடிக்கிறார்கள். ஒன்றில் 1000 மில்லிகிராம். பிறகு "லாக்டிக் அமிலம் இறங்கட்டும்" என்று தொடையை நீவிவிட்டுக்கொள்கிறார்கள். அந்த வில்லை தினமும் தொடர்ந்தால் பயிற்சியின் பலனைக் குறைக்கக்கூடும். அவர்கள் லாக்டிக் அமிலம் என்று சொல்லும் லாக்டேட்டோ, தசை வேகமாக உழைக்கும்போது சர்க்கரையிலிருந்து உண்டாவது; அது தானாகவே இறங்கிவிடும்.

ஓய்வில் இரத்தத்தில் லிட்டருக்குச் சுமார் 1 மில்லிமோல் லாக்டேட் இருக்கும். போட்டிப் பாதையில் வரும் ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தை மூச்சிரைக்க ஏறினால் 8, 10 கூடத் தொடும். நின்றபின் ஏறக்குறைய 20 நிமிடத்தில் பாதியாகி, ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். மெதுவாக நடந்துகொண்டிருந்தால் இன்னும் சீக்கிரம். இரண்டாம் நாள் படியிறங்க விடாத வலி வேறு. இறக்கத்தில் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கும்போது இழைகளில் விழும் நுண்காயம் அது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு இறங்கி ஓடும் ஆண்டுகளில் தொடை அவ்வளவு படுத்துவது அதனால்தான்.

லாக்டேட் நல்ல எரிபொருள். தசையின் வேக இழைகள் வெளியே தள்ளுவதைப் பக்கத்து மெதுவிழைகளும் இதயமும் உள்ளே வாங்கி எரிக்கின்றன. அதை உள்ளே கொண்டுபோகும் புரதத்துக்கு எம்.சி.டி-1 என்று பெயர். 2007-ல் வெளியான ஒரு கலிஃபோர்னிய ஆய்வில் எலித் தசைச் செல்களை 20 மில்லிமோலார் லாக்டேட்டில் வைத்தார்கள். 600-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் விழித்துக்கொண்டன, எம்.சி.டி-1-ம் கூடியது. இன்னும் முக்கியமானது, அந்த மரபணுக்களில் பல ஆக்சிஜன் வழித் தீவிர மூலக்கூறுகளுக்குக் கட்டுப்பட்டவை. அத்தகைய மூலக்கூறான ஹைட்ரஜன் பெராக்சைடு செல்லுக்குள் கொஞ்சம் எழும்பினால்தான் பி.ஜி.சி-1 ஆல்ஃபா போன்ற கட்டளைப் புரதங்கள் முடுக்கப்பட்டு, செல்லின் ஆற்றல் கூடங்களான மைட்டோகாண்ட்ரியா பெருகும். செல் தன் சொந்தக் காப்பு நொதிகளையும் கூட்டிக்கொள்ளும். அந்தப் பொறியை வெளியிலிருந்து கொட்டும் வைட்டமின் அணைத்துவிட்டால் கட்டளை மங்குகிறது.

இது மனிதர்களிலும் பார்க்கப்பட்டிருக்கிறது. 2009-ல் வெளியான ஜெர்மன் ஆய்வில் 4 வாரம் தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் 400 அலகு வைட்டமின் ஈ-யும் எடுத்தவர்களுக்கு, உடற்பயிற்சியால் இன்சுலின் உணர்திறனில் (இன்சுலினுக்கு உடல் இணங்கும் தன்மையில்) வரவேண்டிய முன்னேற்றம் வரவில்லை. நார்வேயில் 11 வாரப் பயிற்சியில் இதேபோன்ற அளவு எடுத்தவர்களின் தசையில் மைட்டோகாண்ட்ரியப் புரத உயர்வு தடைபட்டது. ஆனால் ஆக்சிஜன் உட்கொள்ளும் திறன் இரு குழுவுக்கும் ஒரே மாதிரிதான் கூடியது. ஆக, வில்லை போட்டவரின் ஓட்டமே பாழ் என்று சொல்ல முடியாது. வேர்வரை போகவேண்டிய தண்ணீரைப் பாதிவழியில் மறிப்பது போல என்பேன்.

நம் ஊர் ஓட்டத்தையே வைத்து நடந்த ஆய்வும் உண்டு. 1993-ல் வெளியானது. போட்டிக்கு முன் 21 நாள் தினமும் 600 மில்லிகிராம் சி எடுத்தவர்களில் 33 சதவீதத்தினருக்கே பிறகு சளி, தொண்டை வலி. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 68 சதவீதத்தினருக்கு. குளிர்கால ஜூனில் ஓடுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். ஆகவே என் கணக்கு இதுதான்: பயிற்சி மாதங்களில் வில்லை வேண்டாம், கடைசி மூன்று வாரம் வேண்டுமானால் போடலாம். மருத்துவர் குறைபாட்டுக்கென்று எழுதிக்கொடுத்ததை மட்டும் யாரும் நிறுத்தக் கூடாது.

லாக்டேட் எழும்பவேண்டிய நாள் வாரத்துக்கு ஒன்று போதும். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் மேட்டுக்குப் பஞ்சமில்லை. 15 நிமிடம் மெல்ல ஓடி உடம்பைச் சூடாக்கி, 3 நிமிட ஏற்றம் 5 தடவை. ஏறும்போது இரண்டு சொல்லுக்கு மேல் பேச முடியாத வேகம். இறங்கும்போது நடந்தே இறங்குங்கள்.

விரல்நுனி இரத்தத்தில் லாக்டேட்டைக் கருவியில் அளப்பவர்கள் அடிக்கடி தவறுவது வியர்வையில். வியர்வையிலேயே லாக்டேட் நிறைய உண்டு. ஒரு துளி கலந்தாலும் 3 இருக்கவேண்டிய இடத்தில் 6 காட்டும். விரலைக் கழுவி, நன்றாகத் துடைத்து, குத்தியபின் முதல் சொட்டைப் பஞ்சால் எடுத்துவிட்டு இரண்டாவதைத்தான் கருவியின் சோதனைப் பட்டையில் தொட வேண்டும். அழுத்திப் பிதுக்கினாலும் கணக்கு தப்பும்.

உணவிலிருந்து வரும் சி-க்கு பயப்பட வேண்டியதில்லை. பெரியவருக்கு நாளொன்றுக்குத் தேவை 75 முதல் 90 மில்லிகிராம். கொல்லையில் பழுத்த நடுத்தரக் கொய்யா ஒன்றிலேயே அதற்கு மேல் இருக்கிறது.