குழந்தைக்கு ‘பாசிட்டிவ்’ என்று வந்தால்

எச்ஐவி உள்ள தாய்க்குப் பிறந்த பச்சைக்குழந்தைக்கு ரேபிட் டெஸ்ட் செய்தால் பெரும்பாலும் பாசிட்டிவ் என்றே வரும். அதில் தெரிவது கிருமி அல்ல. நஞ்சுக்கொடி வழியே தாய் கொடுத்த ஐஜிஜி ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்கத் தாயின் உடல் உருவாக்கிய புரதம். அது முற்றிலும் மறைய 18 மாதம் வரை ஆகலாம். அந்தச் சீட்டைக் காட்டித் தாயைக் கலங்கடிப்பது கொடுமை.

கிருமியின் மரபணுவையே தேடும் பிசிஆர் சோதனைதான் வேண்டும். 6 வாரத்தில் எடுப்பார்கள். குதிகாலின் ஓரத்தில் குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, ரத்தம் சேகரிக்கும் அட்டையின் வட்டம் ஒவ்வொன்றும் நிரம்ப விட வேண்டும். சொட்டின்மேல் சொட்டு விட்டாலோ, ஈரத்தோடு உறையில் போட்டாலோ மாதிரி வீண். வெயில் படாமல், படுக்கைவசமாக, குறைந்தது 4 மணி நேரம் காயட்டும்.

நெகட்டிவ் வந்தாலும், தாய்ப்பால் குடிக்கும்வரை தொற்ற வாய்ப்புண்டு. தாய் தன் எச்ஐவி மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது. பால் நிறுத்தியபின் மறுபடி சோதனை. 18 மாதச் சோதனையையும் தவறவிடாதீர்கள்.