பாலைவனத்தில் ஒரு அண்டா: எங்கள் கேம்பெயின் இதுவரை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் விளையாட்டு. அதில் ஒரு கடுமையான பாலைவனக் கதை நடத்த வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. லாஸ்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் ஞாயிறு மாலைகளில் இப்போது அது ஒரு கேம்பெயினாக, அதாவது வாரா வாரம் தொடரும் கதையாக, ஓடிக்கொண்டிருக்கிறது. அரக்கர்கள் குறைவு, தாகம்தான் வில்லன்.

இந்த விளையாட்டின் 2014 விதிப்புத்தகப்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் தண்ணீர் வேண்டும். வெயில் அடித்தால் இரண்டு, கிட்டத்தட்ட ஏழரை லிட்டர். ஒரு தோல்பையில் அரை கேலன்தான் பிடிக்கும். தாளில் எழுதிக் கழித்துக்கொண்டே போனால் யாருக்கும் உறைக்காது. அதனால் ஒரு பைக்கு ஒரு புளியங்கொட்டை என்று எண்ணிக் கொடுத்துவிட்டேன். ராத்திரி ஆனால் ஆளுக்கு நாலு கொட்டை என் கிண்ணத்துக்கு வந்தாக வேண்டும். பாதிக்கும் கீழே குடித்தால் சோர்வு ஒரு படி ஏறும், ஆறாவது படியில் சாவு. தூங்கி எழுந்தாலும், சாப்பிட்டுக் குடித்திருந்தால்தான் ஒரு படி இறங்கும். இந்த ஒரு வரியில்தான் மொத்த பயமும் இருக்கிறது.

புதுச்சேரிக் கத்திரி வெயிலில் வேர்வை உடம்போடு ஒட்டிக் கிடக்கும். பாலைவனத்திலோ வேர்த்ததே தெரியாமல் காய்ந்துவிடும். இதை வர்ணித்ததும் எல்லாரும் கொட்டையைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள்.

கிளெரிக்காக, அதாவது தெய்வ அருளால் மந்திரம் போடும் பூசாரியாக, ஆடும் தம்பி மட்டும் அசரவில்லை. "கவலைப்படாதீங்கண்ணா, பத்து கேலன் நான் வரவழைச்சிடுறேன்" என்றான். முதல் நிலை மந்திரம்தான். ஐந்து பேருக்கு ஒரு நாளைக்குச் சரியாக வரும். என்னைப் போல் கதையை நடத்தும் பல டிஎம்கள் இதைத் தடை செய்துவிடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. மந்திரத்தை வரி விடாமல் படித்தால், தண்ணீர் திறந்த பாத்திரத்தில் இறங்கும், இல்லையென்றால் மழையாகப் பெய்யும். மணலில் பெய்து என்ன பயன்? அப்படித்தான் ஒட்டகத்தின் மேல் இருந்த அண்டா கதையின் பெரிய சொத்தானது. அடுத்த ஆட்டத்தில் கொள்ளையர்கள் தங்கத்தைத் தொடாமல் அண்டாவை மட்டும் தூக்கிப் போனார்கள்.

அதற்குப் பிறகு ஆட்டமே மாறிவிட்டது. கூடாரத் துணியை விரித்து மந்திர மழையைப் பிடித்தார்கள். இரண்டு கேலன் தேறும் என்று ஒப்புக்கொண்டேன். வெயிலில் கனமான கவசம் போட்டிருந்தால் சூட்டைத் தாங்குவதற்கான பகடையை (சேவ்) டிஸ்அட்வான்டேஜில், அதாவது இரண்டு முறை உருட்டிக் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதால், போர்வீரனாக ஆடும் ஃபைட்டர் தன் பிளேட் (இரும்புத் தகட்டு) கவசத்தையே ஒரு வணிகக் கூட்டத்திடம் ஆறு கொட்டைக்கு விற்றார். சண்டை எதுவும் இல்லாத ஒரு மாலை முழுக்க இந்தப் பேரத்திலேயே போனது. நான் நடத்தியதில் எனக்கு மிகப் பிடித்த ஆட்டம் அதுதான்.

இப்போது ராத்திரியில் மட்டும் நடந்து, கொள்ளையர் தடத்தைப் பிடித்துப் போகிறார்கள். ஒட்டகத்துக்கும் பங்கு உண்டு என்கிறார், காடு மலை சுற்றும் வேட்டைக்காரனாக ஆடும் ரேஞ்சர். அதற்கு எத்தனை கொட்டை என்பதை வரும் ஞாயிறுக்குள் முடிவு செய்ய வேண்டும்.