இரண்டு ஊசிகளும் ஒரு வகுத்தலும்

வடஆற்காடு மாவட்டம் 1989இல் இரண்டாகப் பிரிக்கப்படுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு வேலூரில் மேல்நிலை வகுப்புப் படித்த எங்களுக்கு இயற்பியல் கற்பித்த ஆசிரியர், மின்தடைப் பாடத்தைக் கரும்பலகையில் தொடங்கவில்லை. ஆய்வக மேசையில் மின்னோட்டத்தை அளக்கும் ஓர் அம்மீட்டரையும் மின்னழுத்தத்தை அளக்கும் ஒரு வோல்ட்மீட்டரையும் எடுத்து வைத்துவிட்டு, "கம்பியோட தடையைக் கம்பி மேல எழுதி ஒட்டியிருக்க மாட்டாங்கடா, ரெண்டு ஊசியையும் பாத்து நாமதான் வகுத்து எடுக்கணும்" என்றார். இந்த மலருக்கு எழுதக் கேட்டபோது ஆண்டு விழாவையும் விளையாட்டு விழாவையும் விட்டு இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், பிழைப்புக்காகப் போன இடங்களிலெல்லாம் எனக்கு மிகுதியாகக் கைகொடுத்த பாடம் இதுவே என்பதுதான்.

இரண்டு வோல்ட் சேமக்கலம், சாவி, மின்தடை மாற்றி, அம்மீட்டர், நிக்ரோம் கம்பி ஆகியவற்றைத் தொடர் இணைப்பில் கோத்து, வோல்ட்மீட்டரை மட்டும் நிக்ரோம் கம்பியின் இரு முனைகளுக்குப் பக்க இணைப்பாகக் கொடுக்க வேண்டும். இணைப்புக் கம்பிகளின் முனைகளை உப்புத்தாளால் செம்பு பளபளக்கும்வரை தேய்க்காதவர்கள் மேசையருகே வரக்கூடாது. அம்மீட்டரின் தடை மிகக் குறைவு என்பதால், அதைக் கலத்தின் குறுக்கே பக்க இணைப்பில் கொடுத்துவிட்டால் பெரும் மின்னோட்டம் அதன் வழியே பாய்ந்து, ஊசி மறுகோடியில் போய் முட்டிக்கொள்ளும். ஆகவே ஆசிரியர் வந்து சுற்று முழுவதையும் விரலால் தொட்டுக்கொண்டே போய், "ம், போடு" என்று சொன்ன பிறகுதான் சாவியைச் செருகலாம்.

மின்தடை மாற்றியின் பிடியை நகர்த்த நகர்த்த இரு ஊசிகளும் சேர்ந்தே ஏறும். 1.5 வோல்ட்டுக்கு 0.3 ஆம்பியர் ஓடினால், வகுத்து வருவது 5 ஓம் தடை. அதே இரண்டையும் பெருக்கினால், கம்பியில் வெப்பமாகச் செலவாகும் 0.45 வாட் திறன். எல்லா வரிசையிலும் 5.00 என்று எழுதிய பதிவேட்டில் அவர் கையொப்பமிட மாட்டார். 0.05 ஆம்பியருக்கு ஒரு கோடு போட்ட அம்மீட்டர் அத்தனை ஒழுங்கான விடையைத் தராது என்பது அவருக்குத் தெரியும், 4.8, 5.1 என்று முன்னும் பின்னுமாக இருந்த பதிவேடுகளையே அவர் நம்பினார்.

ஜார்ஜ் சைமன் ஓம் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தபோதுதான் இச்சோதனைகளைச் செய்தார் என்பதைச் சொல்லும்போது எங்கள் ஆசிரியரின் குரலில் சற்றே பெருமை தெரியும். அக்காலத்து மின்கலங்களின் அழுத்தம் நிலையாக நில்லாததால், கொதிநீரிலும் பனிக்கட்டியிலும் முனைகளை வைத்த வெப்ப மின்னிரட்டையை, அதாவது வெப்பநிலை வேறுபாட்டால் மின்னழுத்தம் தரும் உலோக இணையை, ஓம் பயன்படுத்தினார். மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் மின்னோட்டம் அமையும் என்ற தம் விதியை 1827இல் நூலாக வெளியிட்டார்.

இதற்குப் பிறகுதான் ஆசிரியர் எங்களைக் குழப்பினார். 60 வாட், 230 வோல்ட் என்று அச்சிட்ட குண்டு பல்பு ஒன்றைக் கொடுத்துத் தடையைக் கேட்டார். 60ஐ 230ஆல் வகுத்தால் 0.26 ஆம்பியர், ஆகவே ஏறத்தாழ 880 ஓம் என்றோம். அந்தப் பல்பையே இரண்டு வோல்ட் கலத்துடன் இணைத்து மில்லி அம்மீட்டரைப் பார்க்கச் சொன்னார். ஊசி 30 மில்லி ஆம்பியரை ஒட்டி நின்றது. கணக்கு 67 ஓம் என்றது. ஒளிரும்போது டங்ஸ்டன் இழை ஏறத்தாழ 2,500 டிகிரி செல்சியஸை எட்டுவதால் அதன் தடை பதின்மூன்று மடங்காகிறது. பல்புகள் பெரும்பாலும் சுவிட்சைப் போடும் நொடியிலேயே போய்விடுவதன் காரணமும் அதுதான்: குளிர்ந்த இழைக்குள் முதலில் பாயும் மின்னோட்டம் வழக்கத்தைப் போலப் பல மடங்கு.

அணைக்கட்டு, குடியாத்தம் ஆகிய ஊர்களின் பக்கத்திலிருந்து வந்த மாணவர்கள் கிணற்று மோட்டாரைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டார்கள். மாலையில் வோல்ட்டேஜ் இறங்கினால் பல்பு மங்குகிறது, மோட்டாரில் மட்டும் ‘காயில்’ எனப்படும் கம்பிச்சுருள் ஏன் எரிகிறது? தடை மாறாத ஹீட்டரில் மின்னழுத்தம் குறைந்தால் மின்னோட்டமும் குறையும். மோட்டாரோ ஏறக்குறைய அதே வேகத்தில் அதே நீரை இறைத்தாக வேண்டும். 5 குதிரைத்திறன் என்றால் தண்டில் 3,730 வாட். அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் அது தோராயமாகக் கால் பங்கு மின்னோட்டத்தைக் கூடுதலாக இழுக்கும். சுருளில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், அது ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். எரிந்த சுருளை மாற்றிச் சுற்றித் தரும் ரீவைண்டிங் கடைக்காரருக்குக் கோடையில் ஓய்வு இல்லாததன் கணக்கு அவ்வளவுதான்.

இன்று வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள நம்மவர்களுக்கு நம் ஊர் மின்னழுத்தமே ஏறக்குறைய கிடைத்துவிடுகிறது. அமெரிக்காவில் இருப்பவர்களுக்குத்தான் சிக்கல். இங்கிருந்து கொண்டுபோகும் 1,000 வாட் வாளி ஹீட்டரின் தடை 52.9 ஓம், 120 வோல்ட்டில் அது 272 வாட்டே தரும், வெந்நீருக்கு நான்கு மடங்கு நேரம் காத்திருக்க வேண்டும். அதனால் ஆபத்து ஒன்றும் இல்லை. எதிர்த்திசைதான் பொல்லாதது. அங்கே வாங்கிய 600 வாட், 120 வோல்ட் ரைஸ் குக்கரின் தடை 24 ஓம். அதை வேலூர் வீட்டில் 230 வோல்ட்டில் செருகினால் 9.6 ஆம்பியர் ஓடி, திறன் 2,200 வாட்டைத் தொடும். "வோல்ட்டேஜ் ரெண்டு மடங்குதானே" என்பவர்கள் திறன் நான்கு மடங்கை நெருங்குவதை மறந்துவிடுகிறார்கள். கைப்பேசி சார்ஜருக்கு இந்தப் பயம் வேண்டாம்; 100-240 என்று அச்சிட்டிருந்தால், உள்ளே இருக்கும் மின்னணுச் சுற்று அழுத்தம் கூடும்போது மின்னோட்டத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

குக்கருக்கு மின்மாற்றி வாங்குவதாக இருந்தால் 600 வாட்டுக்கு மேல் தாங்கக்கூடியதைத்தான் வாங்க வேண்டும். அதன் விலையையும் கனத்தையும் பார்த்த பிறகு, அம்மாவுக்கு வேலூர் லாங் பஜாரிலேயே புதிய குக்கர் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று உங்களுக்கும் தோன்றும்.