மேக்கை விட்டு விண்டோஸுக்கு வந்த பத்து நாள்

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதுதான் என் வேலை. ஒன்பது வருடமாக அதை மேக்புக் ஏரில்தான் செய்துவந்தேன். போன மாதம் வந்த ஒரு வேலையை டிராடோஸ் ஸ்டூடியோ என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளில் செய்துதர வேண்டும் என்றார்கள். அது விண்டோஸில் மட்டும்தான் ஓடும். மேக்குக்குள்ளேயே விண்டோஸை ஏற்றிப் பார்க்கலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். என்னுடையது 2015 மாடல், 128 ஜிபிதான். அதில் இன்னொரு சுமையை ஏற்ற மனம் வரவில்லை. 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி உள்ள விண்டோஸ் 11 லேப்டாப் ஒன்றை வாங்கிவிட்டேன்.

முதல் அரை மணி நேரத்தில் சொல்வதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. நாடு, கீபோர்டு, வைஃபை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போகும். விண்டோஸ் 11 ஹோம் என்பதால் மைக்ரோசாஃப்ட் கணக்கு கட்டாயம். அப்புறம் ஒரு பின் நம்பர். அதற்குப் பிறகு அப்டேட்டுகள் இறங்க ஒரு மதியம் போனது.

அந்த மதியத்தில் இரண்டு காரியம் செய்தேன். வாங்கிய அன்றே நீங்களும் இவற்றைச் செய்துவிடுங்கள். ஒன்று, டிஸ்க் பூட்டின் மீட்புச் சாவி. இப்போது பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகிவிடுகிறது. எப்போதாவது அது சாவி கேட்டால் 48 இலக்க எண் ஒன்றைத் தட்ட வேண்டும். அந்த எண் நம் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிட்டேன். இரண்டாவது, ஒன்டிரைவ். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய மூன்று ஃபோல்டர்களையும் கிளவுடில் காப்பு எடுக்கும் வசதி அதில் உண்டு. இலவச இடம் 5 ஜிபி. என்னிடம் இருப்பது 38 ஜிபி. அதனால் ஒரு ஃபைலைக்கூடக் கொண்டுவருவதற்கு முன்பே அதை நிறுத்தி வைத்தேன்.

அடுத்து ஹார்ட் டிஸ்க். மேக்கில் ஃபார்மேட் செய்த என் பழைய டிஸ்க்கைச் செருகினால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் அது காணவே இல்லை. பதறத் தேவையில்லை, டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. மேக்கின் ஏபிஎஃப்எஸ் வடிவத்தை விண்டோஸ் தானாகப் படிக்காது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவத்தை மேக் படிக்கும், ஆனால் அதில் எழுதாது. இரண்டும் படித்து எழுதக்கூடியது எக்ஸ்ஃபேட். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது அழிந்துவிடும் என்பதால் காலி டிஸ்க் ஒன்றை அக்கம்பக்கத்தில் கடன் வாங்கி, மேக்கிலேயே எக்ஸ்ஃபேட்டாக மாற்றி, முடிந்துபோன வேலைகளையெல்லாம் அதில் கொண்டுவந்தேன். நடப்பில் இருக்கும் வேலைகளை மட்டும் மேக்கின் பிரௌசர் வழியாகக் கிளவுடில் ஏற்றி, இங்கே இறக்கினேன்.

அங்கேதான் சிக்கிக்கொண்டேன்.

டிஸ்க் கிடைக்கும்வரை காத்திருக்க முடியாமல், புதிய லேப்டாப்பில் 'பொதுச் சுகாதாரம்', 'தொழிலாளர் நலம்', 'சட்டம்' என்று மூன்று ஃபோல்டர் போட்டு வேலையைத் தொடங்கியிருந்தேன். மேக்கிலும் அதே பெயர்கள்தான். கிளவுடிலிருந்து இறக்கியதை அதே இடத்தில் ஒட்டினால் பழசும் புதுசும் ஒன்றாகச் சேர்ந்துவிடும் என்று நினைத்தேன். 'சட்டம்' சேர்ந்தது. 'பொதுச் சுகாதாரம்' சேரவில்லை. ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர், ஒன்றுக்குக் கீழ் ஒன்று. 'தொழிலாளர் நலம்' என்பதும் அப்படியே. பெயரைப் பெரிதாக்கி எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். இடைவெளி கூடுதலாக இருக்கிறதா என்றும் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் இருக்க முடியாது என்பதுதானே இத்தனை வருடமாக நமக்குத் தெரிந்தது?

மென்பொருள் வேலையில் இருக்கும் என் தோழியின் தம்பியை அழைத்தேன். திரையைப் பகிர்ந்ததும் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டான்.

"அக்கா, சேராத பெயர் ரெண்டுலயும் என்ன எழுத்து இருக்கு பாருங்க."

"பொ, தொ."

"அந்த ஒகரக் குறிதான். கண்ணுக்கு ஒண்ணு, உள்ளே ரெண்டு விதமா எழுதலாம்."

விஷயம் இதுதான். கணினி ஒவ்வொரு எழுத்தையும் ஓர் எண்ணாகத்தான் வைத்திருக்கும்; அந்த எண்களின் பட்டியல்தான் யூனிகோடு. 'பொ' என்பதில் உள்ள ஒகரக் குறிக்கு அதில் தனியாக ஓர் எண் உண்டு. முன்னால் வரும் ஒற்றைக் கொம்பையும் பின்னால் வரும் காலையும் அடுத்தடுத்து வைத்தும் அதே குறியை எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மேக்கில் ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது அது பெரும்பாலும் பிரித்த வடிவத்தில் பதிகிறது. இங்கே நான் தட்டியது சேர்ந்த வடிவம். மேக் இந்த இரண்டையும் ஒரே பெயராக எடுத்துக்கொள்ளும். விண்டோஸின் ஃபைல் அமைப்பு உள்ளே இருக்கும் எண்களை அப்படியே ஒப்பிடும். எண் வேறு என்றால் பெயரும் வேறு. ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் பெயர்களில் மட்டும்தான் இந்தப் பிரச்சினை. 'சட்டம்' தப்பித்ததற்குக் காரணம் அதுதான்.

விண்டோஸில் கட்டளைகளைத் தட்டி இயக்கும் பவர்ஷெல்லில் ஓடும் ஒரே ஒரு வரியை அந்தத் தம்பி எழுதித் தந்தான். நார்மலைஸ் என்ற கட்டளை ஒவ்வொரு பெயரையும் எடுத்து, பிரிந்திருக்கும் குறிகளைச் சேர்த்து மறுபெயர் வைக்கும். அதற்கு முன் இரட்டையாக இருந்த ஃபோல்டர்களில் ஒன்றிலிருந்த ஃபைல்களை மற்றொன்றுக்கு நானே கையால் நகர்த்தினேன். எது புதிய பிரதி என்று தேதி பார்த்து நகர்த்த வேண்டும் என்பதால் இதை மட்டும் எந்தக் கட்டளையிடமும் விடவில்லை. தமிழில் ஃபைல் பெயர் வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் மேக்கிலிருந்து வரும்போது முதலில் இதைச் சரிபாருங்கள். பழைய பிரதியை வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்ட பிறகு தெரிந்துகொள்ளும் விஷயம் இல்லை இது.

அதே ரகத்தில் இன்னொன்று கலைச்சொல் பட்டியல். மேக்கின் அட்டவணை மென்பொருளான நம்பர்ஸில் வைத்திருந்ததை சிஎஸ்வி ஆக, அதாவது காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் எழுத்து ஃபைலாக எடுத்துவந்து, எக்ஸெலில் இரட்டைக் கிளிக் செய்தேன். தமிழ்ச் சொற்கள் இருந்த இடமெல்லாம் தலையில் கோடு போட்ட ஆங்கில எழுத்துகள். ஃபைல் கெட்டுப்போகவில்லை. இரட்டைக் கிளிக் செய்யாமல், டேட்டா மெனுவுக்குப் போய், டெக்ஸ்ட் அல்லது சிஎஸ்வியிலிருந்து எடு என்பதில், யூனிகோடு எழுத்துகளை ஃபைலில் பதியும் முறையான யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் தமிழ் தமிழாகவே வந்துவிடும். ஒன்பது வருடச் சொற்கள் அவை. திரும்பக் கண்ணில் பட்டதும்தான் உயிர் வந்தது.

இனி விரல்கள். நான் தட்டுவது தமிழ்99 என்ற கீபோர்டு அமைப்பில். செட்டிங்ஸில் தமிழ் மொழியைச் சேர்த்ததும் வந்த கீபோர்டு நான் பழகியது இல்லை. மொழிக்குள்ளே இன்னும் ஒரு படி போய், கீபோர்டைச் சேர் என்பதைத் தட்டினால் தமிழ்99, அஞ்சல் இரண்டும் பட்டியலில் இருக்கின்றன. தனியாக எந்த மென்பொருளும் போட வேண்டியதில்லை. மொழி மாற்ற விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பார். பட்டியலில் தேவையில்லாத ஆங்கிலக் கீபோர்டு ஒன்று கூடுதலாக இருந்தால் அதை நீக்கிவிடுங்கள்; இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் அதையும் தாண்டித்தான் தமிழுக்கு வர வேண்டும். மேம்பட்ட கீபோர்டு செட்டிங்ஸில், ஒவ்வொரு ஆப் சாளரத்துக்கும் தனித்தனிக் கீபோர்டு வைத்துக்கொள்ள ஒரு டிக் பெட்டி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் வேர்டில் தமிழ், பிரௌசரில் ஆங்கிலம் என்று அதது அதன் இடத்தில் நிற்கும். எனக்கு ஒரு நாளில் நூறு தடவை மாற்றும் வேலை மிச்சம்.

உண்மையில் கஷ்டப்படுத்தியது கன்ட்ரோல் விசைதான். மேக்கில் நகலெடுக்க, ஒட்ட, சேமிக்க எல்லாவற்றுக்கும் கமாண்ட் விசை. அது கட்டைவிரலுக்குக் கீழே. இங்கே கன்ட்ரோல் இடது மூலையில், சுண்டுவிரலுக்கு. தமிழ்99இல் அந்தச் சுண்டுவிரல்தான் 'அ'வின் மேல் உட்கார்ந்திருக்கும். ஒட்டுவதற்காக அதைக் கீழே இறக்கி, திரும்ப மேலே கொண்டுவந்தால் இடம் தவறி 'அ'வுக்குப் பதில் 'இ' விழும். பவர்டாய்ஸ் என்று மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தரும் கருவியில் கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் இடம் மாற்றலாம். மாற்றினேன். இரண்டு நாள் சொர்க்கமாக இருந்தது. ஆனால் வாடிக்கையாளர் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தால் அங்கே மாற்றாத கீபோர்டுதான் இருக்கும். திருப்பிப் போட்டுவிட்டு, இருப்பதையே பழகிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். ஏழாம் நாளில் 'இ' விழுவது நின்றது. அதே பவர்டாய்ஸில் உள்ள பீக் மட்டும் தங்கிவிட்டது. மேக்கில் ஸ்பேஸ் பாரைத் தட்டி ஃபைலைத் திறக்காமலே பார்ப்போமே, அந்த வேலையை அது செய்கிறது.

எழுத்துரு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. என் வேர்ட் ஃபைல்களில் பாதி, மேக்கோடு வரும் தமிழ் சங்கம் எம்என் எழுத்துருவில் இருந்தன. அது இங்கே இல்லை. விண்டோஸ் அதற்குப் பதிலாக வேறு தமிழ் எழுத்துருவைப் போட்டுக் காட்டும். படிக்க ஒரு குறையும் இல்லை, ஆனால் வரிகள் வேறு இடத்தில் உடைந்து, 42 பக்கம் 45 ஆகிவிட்டது. பக்கக் கணக்கில் பணம் வாங்குபவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. வாடிக்கையாளர்கள் சிலர் கேட்கும் லதா எழுத்துருவும் புதிய லேப்டாப்பில் தயாராக இருக்கவில்லை. ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்பதைச் சேர்த்ததும் லதாவும் விஜயாவும் வந்தன. என் சொந்த ஃபைல்களையெல்லாம் நோட்டோ சான்ஸ் தமிழுக்கு மாற்றிவிட்டேன். இலவசம், இரண்டு பக்கமும் நிறுவலாம்.

பாஸ்வேர்டுகளை சஃபாரியிலிருந்து சிஎஸ்வி ஆக எடுத்து இங்கே ஏற்றினேன். ஏற்றிய கையோடு அந்த சிஎஸ்வியை இரண்டு கணினியிலும் அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். அது பூட்டில்லாத வெறும் எழுத்து. யார் திறந்தாலும் படிக்கலாம்.

பத்தாம் நாள் 'பொதுச் சுகாதாரம்' ஃபோல்டரிலிருந்து முதல் வேலையை அனுப்பினேன். மேக்கை இன்னும் அழிக்கவில்லை. அதில் உள்ள குறிப்புகளை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருக்கிறது. அதுவரை வாரம் ஒருமுறை சார்ஜ் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன்.