அரை நிமிடம் பிந்தி வரும் நேரலை

இணையத்தில் கிரிக்கெட் பார்க்க உட்காரும் முன் கைப்பேசியின் ஸ்கோர் அறிவிப்புகளை அணைத்துவிடுவது என் வழக்கம். பந்துவீச்சாளர் ஓடிவரத் தொடங்கும் முன்பே 'விக்கெட்' என்று செய்தி வந்து விழுந்துவிட்டால், பந்து வானத்தில் உயரும்போது கேட்ச் பிடிபடுமா என்ற பதைப்பே இல்லாமல் போய்விடுகிறது.

படம் இப்படிப் பிந்தி வருவதற்கு இணைய வேகம் போதாததுதான் காரணம் என்று நினைத்து, கூடுதல் வேகத் திட்டத்துக்கு மாறுகிறவர்கள் பலர். பெரும்பாலும் அது வீண் செலவு. ஏனெனில் இந்தத் தாமதத்தின் பெரும்பகுதி தெரிந்தே வைக்கப்பட்டது. டிஷ் வழியே வரும் ஒளிபரப்பு 35,786 கி.மீ. உயரத்திலுள்ள செயற்கைக்கோளுக்குப் போய்த் திரும்பினாலும் அந்தப் பயணத்துக்கு ஆவது ஏறத்தாழ கால் விநாடிதான். இணையத்திலோ காட்சி சில விநாடி நீளமுள்ள சிறு கோப்புகளாக நறுக்கப்படுகிறது. ஒரு துண்டு பதிவாகி முடிந்து, பல தரங்களில் சுருக்கப்பட்டு, சர்வரில் ஏறிய பிறகே நம்மை நோக்கிக் கிளம்புகிறது. நம் பக்கத்து பிளேயரும் அதை உடனே ஓட்டிவிடாமல், இரண்டு மூன்று துண்டுகளைக் கையிருப்பாகச் சேர்த்துக்கொண்ட பிறகே படத்தைக் காட்டுகிறது. இப்படித் துண்டு துண்டாக அனுப்புவதற்கு ஆப்பிள் நிறுவனம் 2009-இல் வெளியிட்ட எச்.எல்.எஸ். என்ற முறையில் ஒரு துண்டுக்குத் தொடக்கத்தில் பரிந்துரைக்கப்பட்ட நீளம் 10 விநாடி; மூன்று துண்டுகள் சேர்ந்தால் அரை நிமிடம் கழிந்துவிடும். பின்னாளில் அது 6 விநாடியாகக் குறைக்கப்பட்டது.

இப்படி நறுக்குவதற்குத் தக்க காரணம் உண்டு. ஆன்டெனாவிலிருந்து கிளம்பும் அலை ஒரு வீட்டுக்கானாலும் பத்து லட்சம் வீடுகளுக்கானாலும் ஒன்றேதான். இணையத்தில் பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் பெரும்பாலும் தனிப் பிரதி போயாக வேண்டும். 2012 அக்டோபர் 14 அன்று வான்குதிப்பு வீரர் ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர் சுமார் 39 கி.மீ. உயரத்திலிருந்து பாராசூட்டுடன் குதித்ததை யூடியூபில் ஒரே நேரத்தில் 80 லட்சம் பேர் பார்த்தார்கள் என்றால், அத்தனை பிரதிகளையும் யாராவது அனுப்பியாக வேண்டும் அல்லவா? சாதாரணக் கோப்புகளாக இருந்தால் அவற்றைப் பல ஊர்களிலுள்ள சர்வர்களில் நகலெடுத்து வைத்து, அருகிலிருப்பவருக்கு அங்கிருந்தே கொடுத்துவிடலாம். வைஃபை தடுமாறினால் அடுத்த துண்டைக் குறைந்த தரத்தில் வாங்கிக்கொள்ளவும் முடியும். படம் திடீரென்று மங்கிச் சில விநாடிகளில் தெளிவது இதனால்தான்.

துண்டு முழுதாகும் வரை காத்திராமல் அதன் பகுதிகளை ஆக ஆக அனுப்பிவிடும் முறையை ஆப்பிள் 2019-இல் அறிவித்தது. அதில் தாமதத்தைச் சில விநாடிகளுக்குள் அடக்க முடியும். ஆனால் கையிருப்பு குறையக் குறைய, இணைப்பு சற்றே திணறினாலும் படம் நின்று வட்டம் சுழலத் தொடங்கிவிடும். செய்திக்கும் கச்சேரிக்கும் இந்த அவசரம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. நிற்காமல் ஓடினால் போதும். விளையாட்டுக்கு மட்டும் அந்த ஆபத்தை ஏற்கலாம்.

இன்னொன்றும் உண்டு. வட்டம் சுழன்று நின்ற பிறகு பல பிளேயர்கள் விட்ட இடத்திலிருந்தே தொடர்கின்றன. ஒவ்வொரு தடங்கலுக்கும் பின்தங்கல் கூடிக்கொண்டே போவதால், ஒரே வீட்டின் இரண்டு அறைகளில் ஒரே ஆட்டம் ஓடும்போது, முன்னறையில் கேட்ட ஆரவாரம் சற்றுக் கழித்து உள்ளறையிலும் கேட்கும். திரையின் ஓரத்திலுள்ள 'லைவ்' பொத்தானை ஒருமுறை அழுத்தினால், இப்படிச் சேர்ந்த கூடுதல் தாமதமாவது கழிந்துவிடும்.