அம்மாவின் சர்க்கரையை மறைக்காமல் எடுத்த பாலிசி

2024 ஆகஸ்டில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு திருச்சிக்கே வந்துவிட்டேன். சம்பளம் நிற்பதற்குத் தயாராக இருந்தேன். அம்மாவின் மருத்துவக் காப்பீடும் அதே நாளில் நின்றுவிடும் என்பது உறைக்கவில்லை. கம்பெனியின் குரூப் பாலிசியில் அம்மாவுக்கு முதல் நாளிலிருந்தே எல்லாம் உண்டு. பன்னிரண்டு வருடச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. வெளியே வந்து பார்த்தால் 61 வயது, இரண்டு நோய், கையில் பாலிசி இல்லை.

நான் தவறவிட்ட ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குரூப் பாலிசியிலிருந்து விலகும்போது அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பிக்கலாம். அவர்கள் ஏற்றுக்கொண்டால், குரூப்பில் கழிந்த வருடங்கள் காத்திருப்புக் காலத்தில், அதாவது பழைய நோய்க்குக் கிளெய்ம் கிடைக்காத ஆரம்ப வருடங்களில், கழிக்கப்படும். எனக்கு இது தெரிந்தபோது இரண்டு மாதம் ஓடிவிட்டது. ராஜினாமா யோசனையில் இருப்பவர்கள் கடிதம் கொடுப்பதற்கு முன்பே ஹெச்ஆரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தையும் பார்த்தோம். அதில் பழைய நோய்க்கென்று காத்திருப்பு கிடையாது. ஆனால் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அப்பாவின் பென்ஷன் அதைத் தாண்டிவிட்டது.

சரி, தனியார்தான் என்று முடிவானதும் ஏஜென்ட் ஒருவர் வீட்டுக்கு வந்தார். படிவத்தில் நோய் பற்றிய கேள்விகள் வந்த இடத்தில் பேனாவை நிறுத்தி, "சுகரைப் போட வேணாம்மா. அஞ்சு வருஷம் ஓட்டிட்டா அப்புறம் எவனும் கேட்க முடியாது" என்றார். அவர் சொன்ன ஐந்து வருடம் உண்மையில் இருக்கிறது. 2024 ஏப்ரலில் வந்த விதிகள், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான அதிகபட்சக் காத்திருப்பை நான்கு வருடத்திலிருந்து மூன்றாகக் குறைத்தன. தகவலை மறைத்தார்கள் என்று சொல்லி கிளெய்மை மறுக்க நிறுவனத்துக்கு இருந்த கால அவகாசத்தையும் எட்டு வருடத்திலிருந்து ஐந்தாகக் குறைத்தன. ஆனால் மோசடி என்று நிரூபித்துவிட்டால் ஐந்து வருடம் தாண்டியும் மறுக்கலாம். அதற்கும் மேலே, அந்த ஐந்து வருடத்துக்குள் அம்மாவுக்கு ஒன்றும் வரக்கூடாதே! அதற்கு யார் பொறுப்பு? படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு அவரை அனுப்பிவிட்டேன்.

முதலில் விண்ணப்பித்த நிறுவனம் மறுத்துவிட்டது. இரண்டாவது இடத்தில் ஏஜென்ட் இல்லாமல் நானே உட்கார்ந்து நிரப்பினேன். எந்த வருடம் கண்டுபிடித்தது, என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், கடைசியாக எடுத்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (ஹெச்பிஏ1சி) 8.1, ஆறு வருடத்துக்கு முன் செய்த கண்புரை அறுவைச் சிகிச்சை என்று ஒன்று விடாமல் எழுதினேன். மருந்துச் சீட்டுகளையும் ஸ்கேன் செய்து இணைத்தேன்.

நாலாம் நாள் அவர்களுடைய டாக்டர் அம்மாவுக்கு ஃபோன் செய்தார். இந்த அழைப்பைப் பதிவு செய்கிறார்கள். நான் சமையலறையில் இருந்தேன். ஹாலில் அம்மாவின் குரல் கேட்டது: "சுகரா? அதெல்லாம் கொஞ்சம்தாங்க. இப்ப நல்லாதான் இருக்கேன். மாத்திரை எப்பவாவது போடுவேன்." காலையும் இரவும் தவறாமல் மாத்திரை போடுகிற அம்மா! பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. முகம் தெரியாத ஒருத்தியிடம் தன்னை நோயாளி என்று சொல்லிக்கொள்ள அவளுக்குக் கூச்சம். ஓடிப்போய் பக்கத்தில் உட்கார்ந்து, மாத்திரை டப்பாவை அம்மாவின் மடியில் வைத்தேன். "டாக்டர், ஒரு நிமிஷம், அம்மா மறுபடியும் சொல்வாங்க" என்றேன். அம்மா டப்பாவைத் திறந்து, ஒவ்வொரு அட்டையாக எடுத்துப் பெயரைப் படித்தாள். அந்த டாக்டர் பொறுமையாக எழுதிக்கொண்டார். பெற்றோருக்குப் பாலிசி எடுக்கிற எல்லாருக்கும் சொல்வேன்: அந்த ஃபோன் வரும்போது பக்கத்தில் இருங்கள்.

ரத்தப் பரிசோதனை, ஈசிஜி எல்லாம் முடிந்து நவம்பரில் பதில் வந்தது. ஐந்து லட்சத்துக்குப் பாலிசி தருகிறோம், ஆனால் பிரீமியத்தில் 25 சதவீதம் லோடிங், அதாவது நோய்க்காகக் கூடுதல் கட்டணம். சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும், அவற்றால் வரும் பிரச்சினைகளுக்கும் மூன்று வருடக் காத்திருப்பு. அப்போது 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. அப்பா தொகையைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. கட்டினோம்.

2025 அக்டோபரில், மழை தொடங்கிய வாரம், அம்மாவுக்கு டெங்கு. தட்டணுக்கள் இறங்கியதால் நான்கு நாள் மருத்துவமனையில் வைத்தார்கள். சேர்க்கும்போது ட்யூட்டி டாக்டர் முதலில் கேட்டதே "சுகர் எத்தனை வருஷமா?" என்றுதான். கேஸ் ஷீட்டில் 13 வருடம் என்று எழுதினார். அந்தத் தாள் அப்படியே காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும் என்று இன்சூரன்ஸ் கவுன்ட்டரில் இருந்த பெண் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து கேள்வியும் வந்தது: சர்க்கரை முதலில் எப்போது கண்டறியப்பட்டது? நான் பாலிசியோடு வந்த விண்ணப்ப நகலை நீட்டினேன். அதிலும் அதே வருடம்.

கேஷ்லெஸ் அனுமதி, அதாவது மருத்துவமனை பில்லை நிறுவனமே நேரடியாகக் கட்டும் அனுமதி, கிடைத்தது. டெங்குவுக்கும் பழைய நோய்க்கும் சம்பந்தமில்லை என்று ஏற்றுக்கொண்டார்கள். கையுறை, சிரிஞ்ச் போன்ற சில்லறைகளுக்கும் சர்க்கரை மாத்திரைகளுக்கும் மட்டும் நாங்கள் கட்டினோம். டிஸ்சார்ஜ் அன்று பில் நகலைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா கேட்டாள், "அன்னிக்கு ஃபோன்ல அந்தப் பொண்ணு கேட்டாளே, இதுக்குத்தானா?"

அடுத்த மாதம் புதுப்பித்தபோது ஜிஎஸ்டி இல்லை. தனிநபர் பாலிசிகளுக்கு அதை 2025 செப்டம்பர் 22 முதல் எடுத்துவிட்டார்கள். அம்மாவின் காத்திருப்பு 2027 நவம்பரில் முடிகிறது. விண்ணப்ப நகல் பீரோவில் ரேஷன் கார்டுக்குக் கீழே இருக்கிறது.